நம்பச் சொன்னால் போதுமா?

எலும்பு முறிவுக் கட்டுக்குப் பெயர்பெற்ற புத்தூரில் இன்று பொறியியல் கல்லூரிகளும் உள்ளன. அங்கே கணினிப் பாதுகாப்பு பயிலும் மாணவர் தவறாமல் படிக்க வேண்டியது, 1984இல் வெளியான கென் தாம்சனின் டூரிங் விருது உரை. மூல நிரலில் தடயமே இல்லாத கள்ளவழியைக் கம்பைலர் மூலம் நுழைத்துவிட முடியும் என்று அதில் அவர் விளக்கினார். ஆகவே நிரலைப் படித்துவிட்டதாலேயே இயந்திரத்தை நம்பிவிட முடியாது.

இதற்கான நம் நாட்டுப் பாடம் அன்றைய ஆந்திரத் தலைநகரிலேயே உண்டு. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் பலவீனங்களை 2010இல் ஐதராபாத் பொறியாளர் ஹரி பிரசாத் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் இணைந்து செய்து காட்டினார். இயந்திரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டு அவரைக் கைது செய்தது காவல்துறை.

மூன்றாண்டுகள் கழித்து, ஒப்புகைச் சீட்டு இன்றியமையாதது என்று உச்சநீதிமன்றமே கூறியது. 2019இல் சட்டமன்றத் தொகுதிக்கு 5 வாக்குச்சாவடிகளின் சீட்டுகளை எண்ண ஆணையிட்ட அதே நீதிமன்றம், அனைத்தையும் எண்ணும் கோரிக்கையை 2024இல் நிராகரித்தது.

முறைகேடு நடந்ததா என்பது வேறு கேள்வி. சோதித்துப் பார்க்கும் உரிமை வாக்காளருக்கு உண்டா என்பதே இங்குள்ள கேள்வி. சீட்டுகள் முழுமையாக எண்ணப்பட வேண்டும். குறையைச் சுட்டும் ஆய்வாளருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். கேள்வி கேட்பவரைச் சிறைக்கு அனுப்பும் நாட்டில், வகுப்பறையில் மட்டும் பாதுகாப்பைக் கற்பித்துப் பயனென்ன?