முதல் சுற்று

ஜவ்வாது மலையில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றி எழுதலாமா என்று நேயர்கள் கேட்கலாம். ஜமுனாமரத்தூரில் கோலப்பன் ஏரியும் படகுச் சவாரியும் இருக்கின்றனவே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நாம் விரும்பவில்லை. இம்மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றில் கலந்து, வயலூருக்கு அருகில் வங்கக் கடலை அடைகிறது. தண்ணீரே அவ்வளவு தூரம் போகும்போது, நம்முடைய பேச்சும் கடற்கரை வரையில் போய் வருவதில் தவறில்லை.

மேலும், இன்றைய விஷயத்தின் அருமை மலையில் வசிப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். பழைய ஜீப்பில் ஸ்டார்ட்டர் மோட்டார் படுத்துவிட்டால், மலைப் பாதையில் ஓட்டுகிறவர் கவலைப்படுவதில்லை. இரவில் வண்டியைச் சரிவு பார்த்து நிறுத்துவார். காலையில் பிரேக்கை விட்டு, வண்டி உருண்டதும் கியரைப் போடுவார். யந்திரம் முனகிக்கொண்டே எழுந்துவிடும். பூமியின் ஆகர்ஷண சக்தியே அவருக்குச் சம்பளமில்லாத ஸ்டார்ட்டர்!

கடலில் சரிவு ஏது? அங்கே படகைத் தள்ளிவிட ஆளும் கிடையாது, தள்ளினாலும் பயனில்லை. இராமேசுவரத்திலிருந்தோ ஜகதாபட்டினத்திலிருந்தோ புறப்பட்ட ஒரு பழைய விசைப்படகு நடுக்கடலில் யந்திரத்தை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுபடி கிளப்பும்போது 'டக்' என்ற ஒரு சப்தம்; அப்புறம் மௌனம். அந்தக் கணத்திலிருந்து படகுக்கு மாலுமி நீரோட்டந்தான். பாக் ஜலசந்தியில் 1974-ம் வருஷத்து ஒப்பந்தமும், மன்னார் வளைகுடாவில் 1976-ம் வருஷத்து ஒப்பந்தமும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கோடு கிழித்திருக்கின்றன. கோடு நீரோட்டத்துக்குத் தெரியாது. வேண்டுமென்றே எல்லை தாண்டினோமா, யந்திரம் கைவிட்டதால் தாண்டினோமா என்பதை ரோந்துக் கப்பலில் வருகிறவர்களுக்கு நிரூபிப்பது லேசான காரியமா? ஒரு சிறு மோட்டாரின் சோம்பலுக்காக ஒரு குடும்பமே மாதக்கணக்கில் கண்ணீர் விட நேரலாம்.

அப்படி அந்த மோட்டார் என்னதான் செய்கிறது? டீஸல் யந்திரம் தானாகத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்காது. யாராவது முதலில் சில சுற்றுக்கள் சுற்றிவிட்டால்தான், உள்ளே காற்று அழுந்திச் சூடேறி, எண்ணெய் பற்றிக்கொள்ளும். முற்காலத்தில் இந்த வேலையை மனிதனே கைப்பிடி போட்டுச் சுற்றிச் செய்தான். கைப்பிடி எதிர்த்து அடித்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்கள் அநேகர். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் பணப்பெட்டி யந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். பணப்பெட்டியைத் திறக்கும் மோட்டார் நாள் முழுதும் ஓட வேண்டியதில்லை. ஒரு நொடி பலமாக வேலை செய்தால் போதும். கார் யந்திரத்தை எழுப்பவும் அதே போதும் என்று அவர் கண்டார். 1912-ம் வருஷத்து மாதிரியான காடிலாக் கார்கள் மின்சார ஸ்டார்ட்டருடன் வெளிவந்தன. நம் நாட்டில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை, சென்னையை அடுத்த பாடியில் இத்தகைய மோட்டார்களைச் செய்யலாயிற்று.

ஸ்டார்ட்டரின் முனையில் இருப்பது ஒரு சிறு பற்சக்கரம். யந்திரத்தின் பிளைவீலைச் சுற்றி ஒரு பெரிய பல்வளையம். சிறியதில் 10 பல்லும் பெரியதில் 120 பல்லும் இருந்தால், மோட்டார் 12 முறை சுற்றினால் யந்திரம் ஒரு முறை சுற்றும். இந்தப் பேரத்தினால்தான் சிறியவன் பெரியவனை அசைக்கிறான். ஆனால் யந்திரம் கிளம்பி நிமிஷத்துக்கு 1,000 சுற்றுச் சுற்றும்போது பற்கள் விலகாவிட்டால், மோட்டார் 12,000 சுற்றுச் சுற்றிச் சிதறிவிடுமல்லவா? அதற்காகவே ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்சு ஒன்றை வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் ஒதுங்கிக்கொள்ளத் தெரிந்த உத்தம சேவகன் ஸ்டார்ட்டர்.

அந்தச் சில நொடிகளில் அவன் சாப்பிடும் சாப்பாடு மட்டும் கொஞ்சமல்ல. 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 200 ஆம்பியர் இழுத்தால் 2,400 வாட். குளியலறையில் வெந்நீர் போடும் கெய்சரைவிட அதிகம். ஆகையால்தான் பத்து நொடிக்கு மேல் ஒரேயடியாகச் சுற்றக் கூடாது. இரண்டொரு நிமிஷம் ஆறவிட வேண்டும். படகில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கடல் நீரைப் புகைக் குழாயில் கலந்து வெளியேற்றும் யந்திரத்தை, கிளம்பாமலே வெகுநேரம் சுற்றினால், நீர் குழாயில் நிரம்பிப் பின்வாங்கி, ஸிலிண்டருக்குள்ளேயே புகுந்துவிடும். வெகுநேரம் சுற்ற வேண்டியிருந்தால் கடல்நீர்க் குழாயை மூடி வைத்துவிட்டு, யந்திரம் கிளம்பிய உடனே மறக்காமல் திறக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை என்றதும் அதைக் கழற்றுவது அவசரக்காரர் வழக்கம். முதலில் பாட்டரியை விசாரிக்க வேண்டும். சுற்றும் சமயத்தில் விளக்குகள் மங்கிப்போனால், பாட்டரி பலவீனமாயிருக்கலாம்; அல்லது மோட்டார் எங்கோ இறுகிப் பிடித்திருக்கலாம். பாட்டரி முனையில் வோல்ட் சரியாயிருந்து, அதே சமயம் ஸ்டார்ட்டர் முனையில் குறைந்தால் குற்றவாளி நடுவிலுள்ள கம்பி. உப்புக் காற்றில் பச்சை பூத்த முனையைச் சுரண்டித் துடைத்தாலே போதும். மோட்டார் மட்டும் 'விர்' என்று சுழன்று யந்திரம் அசையாவிட்டால் கிளட்சையோ பற்களையோ பார்க்க வேண்டும். 'டக்' என்ற சப்தத்தோடு நின்றால், பாட்டரியையும் கம்பியையும் பார்த்த பிறகு, சொலனாய்டின் உள்ளே கருகிய செம்பு முனைகளைச் சந்தேகிக்கலாம்.

இனிக் கழற்றலாம், அதற்கு முன் பாட்டரிக் கம்பியை எடுத்துவிடுவது உயிருக்கு நல்லது. உள்ளே கார்பன் துண்டுகள் தேய்ந்து குட்டையாகியிருந்தால் மாற்ற வேண்டும். அவை மலிவான பொருள்கள். அவை உரசுகிற கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் துலக்கிவிட வேண்டும். புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் பக்கத்தில் உரசிய தழும்பு தெரிந்தால் புது புஷ் போட வேண்டும். இவ்வளவோடு பழைய மோட்டாருக்கு மறுபிறவி கிடைத்துவிடும். கம்பிச் சுற்று கருகி நாற்றமெடுத்தாலோ, உப்பு அரித்து உடலே உதிர்ந்தாலோ, பாசம் பார்க்காமல் மாற்றிவிடுவதே மேல். புதிது வாங்கும்போது வோல்ட், பற்களின் எண்ணிக்கை, சுற்றும் திசை மூன்றும் பொருந்த வேண்டும். பெட்ரோல் யந்திரமுள்ள படகுக்கு, பொறி வெளியே தெறிக்காதபடி மூடிச் செய்த கடல் மோட்டாரே வேண்டும். படகின் அடித்தட்டில் தேங்கும் பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். விலை குறைவென்று அங்கே கார் மோட்டாரை மாட்டுவது விளையாட்டல்ல.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பார்களோ? கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. மீன்கள் பெருகுவதற்கென்று ஏற்பட்ட அந்த ஓய்வில் வலை பின்னுகிறார்கள், பலகைக்கு வர்ணம் பூசுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் வர்ணத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கையும், 61 நாளில் ஒரே ஒரு பிற்பகலையும், கண்ணுக்குத் தெரியாத அந்தச் சேவகனுக்கு ஒதுக்கினால் போதும். ஜூன் 15-ந் தேதி முதல் சுற்று சுற்றிவிட்டால், மற்றச் சுற்றுக்களை யந்திரமே பார்த்துக்கொள்ளும். கரையில் காத்திருப்பவர்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.