பள்ளிக்கூடத்தில் அரிவாள்: யார் கொடுத்தது?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கெட்டுப் போய்விட்டார்கள் என்று ஊரெல்லாம் ஒரே கூச்சலாயிருக்கிறது. சினிமாவே காரணமென்கிறார் ஒருவர். கைப்பேசியே காரணமென்கிறார் மற்றொருவர். உபாத்தியாயர் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கிக் கொண்டதுதான் காரணமென்று பெருமூச்சு விடுகிறார் மூன்றாமவர். இன்னும் சிலரோ, பிள்ளைகளுக்குத் தெய்வ பக்தி குறைந்து விட்டதே இதற்கெல்லாம் மூலமென்று சொல்லித் தங்கள் பிழைப்புக்கும் இதில் ஒரு வழி தேடிக் கொள்ளுகிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் நடந்து வருவதைச் சற்று நிதானமாய்ப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் காரணங்களின் யோக்கியதை விளங்காமற் போகாது.

2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கத்து சர்க்கார் மேல்நிலைப் பள்ளி ஒன்றில், கையில் கட்டியிருந்த கலர்க் கயிற்றின் பேரால் மூண்ட சண்டையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் செத்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவனை, அவனோடு கூடப் படித்த பிள்ளைகளே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அவன் செய்த குற்றமென்ன? தன்னை எடுபிடியாக நடத்தி இம்சித்தவர்களைப் பற்றி உபாத்தியாயரிடம் சொன்னதுதான். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் பரீட்சைக்காகப் பஸ்ஸில் போய்க் கொண்டிருந்த பதினோராம் வகுப்புப் பிள்ளையை இறக்கி வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின.

சினிமாதான் காரணமென்றால், அதே சினிமாவைத்தானே நீலகிரிப் பிள்ளையும் நாகப்பட்டினத்துப் பிள்ளையும் பார்க்கிறார்கள்? கைப்பேசிதான் காரணமென்றால், அதற்குச் சேரி எது, ஊர் எது என்று எப்படித் தெரிந்தது? வெறும் முரட்டுத்தனம் என்றால் அது கண்ணை மூடிக் கொண்டல்லவா பாய வேண்டும்? இந்த அரிவாளோ ஆள் பார்த்து, தெருப் பார்த்து, ஜாதி பார்த்து இறங்குகிறது. இவ்வளவு விவரம் தெரிந்த அரிவாளுக்கு யாரோ பாடம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டுமா, இல்லையா?

பாடம் சொல்லுகிறவர்களைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். மின்சாரக் கம்பத்தில் ஜாதிக் கலர் பூசியிருக்கிறது. பஸ் நிற்குமிடத்தில் ஜாதித் தலைவர் படம் போட்ட பெரிய தட்டி நிற்கிறது. கோயில் கொடையென்றால் இந்தத் தெருவுக்குள் சப்பரம் வரலாம், அந்தத் தெருவுக்குள் வரக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்களே கூடித் தீர்மானிக்கிறார்கள். வீட்டிலே தகப்பனார், “அவனோடு உனக்கென்ன சிநேகிதம்?” என்கிறார். இவ்வளவையும் பத்து வருஷம் படித்துவிட்டு வருகிற பையனுக்கு, ‘யாவரும் சமம்’ என்று புத்தகத்தில் அச்சடித்த ஒரு வரி எந்த மூலைக்குப் போதும்?

இதிலே உபாத்தியாயர்களைப் பற்றியும் சொல்லாமல் விடுவதற்கில்லை. நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களால்தான் இந்த மட்டுமாவது பள்ளிக்கூடங்கள் நடக்கின்றன. ஆனால் நாங்குநேரிக்குப் பிறகு சர்க்கார் நியமித்து, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்த நீதிபதி சந்துரு கமிட்டி, ஒரு பிரதேசத்தில் பெருத்த செல்வாக்குள்ள ஜாதியாரை அங்கேயே கல்வி அதிகாரியாகவும் தலைமை ஆசிரியராகவும் போடாதீர்கள் என்று சிபாரிசு செய்யும்படியான நிலைமை ஏன் வந்தது?

கயிற்று சமாசாரமோ இன்னும் வேடிக்கை. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவியென்று ஜாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவதைத் தடுக்கும்படி 2019-லேயே கல்வி இலாகாவிலிருந்து சுற்றறிக்கை போயிற்று. உடனே மதத்துக்கு ஆபத்தென்று கூச்சல் கிளம்பிற்று. அப்போதைய கல்வி மந்திரி, அது தமக்குத் தெரியாமலே வந்தது என்று கை கழுவி விட்டார். சந்துரு கமிட்டி கயிற்றோடு நெற்றிக் குறியையும் சேர்த்து விலக்கச் சொன்னபோதும் அதே கூச்சல்தான். பிள்ளையின் நெற்றிக்காக இவ்வளவு துடிக்கிறவர்கள், பிள்ளையின் கழுத்தில் அரிவாள் விழுந்தபோது எங்கே போயிருந்தார்கள் என்று கேட்கின்றோம்.

நிற்க, சில படித்த கனவான்கள், “ஜாதிச் சான்றிதழ் கேட்பதால்தானே ஜாதி வளருகிறது? அதை நிறுத்தினால் பிள்ளைகள் சண்டையும் நிற்கும்” என்று ரொம்பக் கெட்டிக்காரத்தனமாய்ப் பேசுகிறார்கள். தாசில்தார் சான்றிதழ் எழுத ஆரம்பிப்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே கிணறு வேறு, சுடுகாடு வேறு, தெரு வேறு என்றிருந்ததே, அதற்கு எந்தத் தாசில்தார் கையெழுத்துப் போட்டார்? மருந்துச் சீட்டைக் கிழித்தால் வியாதி போய்விடும் என்பது எந்த ஊர் வைத்தியம்? உண்மையில் இவர்களுக்கு உறுத்துவது சான்றிதழல்ல. அதைக் கொண்டு சேரிப் பிள்ளை காலேஜுக்குள் போய் உட்கார்ந்து விடுகிறானே என்பதுதான். நாங்குநேரிப் பிள்ளை வெட்டுக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தும், 2024-ல் பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 469 மார்க்கு வாங்கினான். இந்தப் படிப்புத்தான் பலருக்கு வயிற்றெரிச்சல். நேற்றுவரை கை கட்டி நின்றவன் மகன் இன்று முதல் பெஞ்சில் உட்காருவதைப் பொறுக்காத பெரியவர்களின் எரிச்சல், சின்னப் பையன் கையில் அரிவாளாக மாறுகிறது.

அரிவாள் எடுத்த பிள்ளைகளின் கதியைத்தான் பாருங்கள். அவர்கள் கூர்நோக்கு இல்லத்தில் அடைபடுகிறார்கள். படிப்பு போயிற்று, வாலிபம் போயிற்று, கோர்ட்டுக்கு அலைந்து தாயாருடைய காது நகையும் போயிற்று. ஜாதியின் வீரத்தைப் பற்றி மேடையில் கர்ஜித்தவர்களில் ஒருவராவது வாய்தாவுக்குக் கூட வந்து நின்றதுண்டா?

இவர்கள் பெருமை பேசும் அந்த ஜாதிக்குத்தான் சாஸ்திரத்தில் என்ன மரியாதை? சூத்திரன் என்பதுதானே! எல்லா ஜாதியாரும் அர்ச்சகராகலாமென்று 1970-ல் சட்டசபையில் சட்டம் செய்தும், பயிற்சி பெற்ற 24 பேருக்கு ஒருசேர உத்தியோகம் கொடுக்க 2021 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. தன்னைக் கருவறை வாசலுக்கு வெளியே நிறுத்தியவனிடம் கைகட்டி நின்று விபூதி வாங்கிக் கொண்டு, திரும்பி வந்து பக்கத்துத் தெருப் பிள்ளையிடம் வீரம் காட்டுவதற்குப் பெயர் பரம்பரை மானமா?

ஆகையால் பிள்ளைகளைப் பெற்ற தோழர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். அடுத்த முறை ஜாதி விழாவுக்கு வசூல் கேட்டும், வண்டியிலேற்ற உங்கள் பையனைக் கேட்டும் வரும் கனவான்களிடம், அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்களென்று கேளுங்கள். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் மேல் போலீஸ் கேஸ் இருக்கிறதென்றும் கேளுங்கள். பதிலை வாங்கிக் கொண்டு பிறகு பணம் கொடுப்பதா, பையனைக் கொடுப்பதா என்று யோசியுங்கள்.