அளவறிந்த செவி

புல்மோட்டைக் கனிய மணலிலிருந்து இல்மனைற்றைப் பிரித்தெடுப்பது காந்தம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். காந்தத்தின் வலுக் குறைந்தால் இல்மனைற் தப்பிவிடும். மிகுந்தால் வேண்டாத மணிகளும் ஒட்டிக்கொள்ளும்.

பள்ளிக்கூடத்து வைஃபையை ஆளும் கருவிக்கும் இதுவே விதி. சிஸ்கோ கருவி, காற்றலையின் தூய்மைக்கு நூற்றுக்கு இத்தனை எனப் புள்ளியிடுகிறது. இடையூற்றுணர்வை ‘உயர்வு’ என வைத்தால் 60க்கும், ‘நடுத்தரம்’ என்றால் 50க்கும், ‘தாழ்வு’ என்றால் 35க்கும் கீழே புள்ளி இறங்கியதும் அலைவரிசையை மாற்றும். அப்போது மாணவரின் பாடம் நடுவே அறுந்துபோகக்கூடும்.

வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியிலேயே இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பில் ஆசிரியர் சோறு சூடாக்கியதற்காக வகுப்பு முழுவதும் தவிப்பதா? ஓயாத இரைச்சலைப் பொறுத்திருப்பதும் நன்றன்று. ஆதலின், நடுத்தரத்தில் தொடங்கி, மாற்றங்களின் பதிவைச் சில நாள் பார்த்து, பின்னர் ஏற்றுவதோ இறக்குவதோ நலம் என்போம். அடுப்பைத் தள்ளிவைப்பது அதனினும் நலம்!