லைட்டை அணைப்பது ரிப்பேர் அல்ல

"ஏர்பேக் லைட்தானே சார், சும்மா சென்சார் கோளாறு. ஸ்கேனர் போட்டு எரேஸ் பண்ணிட்டா போயிடும்." கார் வைத்திருப்பவர்களில் இதைக் கேட்காதவர் குறைவு. சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வண்டி ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, மைலேஜ் குறையவில்லை, அப்புறம் என்ன அவசரம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு ஏறக்குறைய எல்லாப் படியிலும் தப்பு.

வண்டி நன்றாக ஓடுவதற்கும் ஏர்பேக்குக்கும் சம்பந்தமே கிடையாது. பெரும்பாலான கார்களில் சென்டர் கன்சோலுக்கு அடியில் ஏர்பேக்குக்கென்றே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது தன்னோடு இணைந்த ஒவ்வொரு சர்க்யூட்டையும் சோதிக்கும். அந்தச் சில நொடிகள் லைட் எரிந்து, எல்லாம் சரி என்றால் அணையும். அணையாவிட்டால் எங்கோ கோளாறு. பல வண்டிகளில் அந்த ஒரு கோளாறுக்காகப் பெட்டி மொத்த அமைப்பையும் நிறுத்தி வைத்துவிடும். டிரைவர் பக்கம் வயர் அறுந்திருந்தால், பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் ஏர்பேக் விரியாமல் போகலாம். மோதும் கணத்தில் சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் பிரீடென்ஷனரும் இதே பெட்டியின் உத்தரவுக்குத்தான் காத்திருக்கிறது. இந்தியாவில் புதுக் கார்களுக்கு டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்து கட்டாயம், முன் சீட் பயணிக்கு 2021இல் கட்டாயமானது. லைட் எரிந்தபடி ஓடும் காரில், காசு கொடுத்து வாங்கிய அந்தப் பாதுகாப்பு இல்லை என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். பெல்ட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடக் கூடாது.

அடுத்தது 'எரேஸ்' வைத்தியம். கோளாறு இன்னும் இருந்தால், அடுத்த முறை சாவி போட்டதுமே 'கோடு' எனப்படும் கோளாறுக் குறியீடு திரும்ப வரும். விட்டு விட்டு வரும் கோளாறானால் ஒரு வேகத்தடை தாண்டியதும் வரும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்பதும் பொதுவாக நடக்காது. மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்தான் பெட்டி கோடைப் பதிந்து வைக்கிறது. கழற்றினால் அழிவது கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷன்களும்தான். மலிவாகக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் எஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும். அதில் 'கோளாறு இல்லை' என்று வந்தால் ஏர்பேக்கைப் பற்றி எதுவும் தெரிந்ததாக ஆகாது.

'காரணம் சின்னதுதான்' என்பதில் மட்டும் உண்மை இருக்கிறது. முன் சீட்டுக்கு அடியில் வயர்களை இணைக்கும் மஞ்சள் நிறக் கப்ளர் ஒன்று தொங்கும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போதும், வாக்குவம் போடும்போதும், தண்ணீர் பாட்டில் உருண்டு அடியில் சிக்கும்போதும் அது தளரும். எலி கடித்த வயரும் உண்டு, வலுவிழந்த பேட்டரியும் உண்டு. ஆனால் தளர்ந்த கப்ளர் என்றாலும் மோதலின்போது ஏர்பேக் விரியாமல் போகலாம். சின்னக் காரணத்துக்கு விளைவும் சின்னதாக இருக்கும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலும் ஒரு தப்பு நடக்கிறது: கோடு எந்தப் பாகத்தின் பெயரைச் சொல்கிறதோ அதை மாற்றிவிடுவது. 'டிரைவர் ஏர்பேக் சர்க்யூட் ஓப்பன்' என்று வந்தால் ஏர்பேக் போய்விட்டது என்று பெரிய தொகைக்கு எஸ்டிமேட் போடுகிறார்கள். கோடு குறிப்பது பெட்டியிலிருந்து ஏர்பேக் வரை உள்ள முழுப் பாதையை. அந்தப் பாதையில் அடிக்கடி சாகும் பாகம் ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங். ஸ்டீயரிங் திரும்பும்போது சுருண்டும் விரிந்தும் கொடுக்கும் மெல்லிய நாடா அது. நாள்பட அறுந்துவிடும். ஹாரனும் ஸ்டீயரிங்கில் உள்ள ஆடியோ பட்டன்களும் சேர்ந்து வேலை செய்யாமல் போனால், முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

சந்தேகத்தை உறுதிசெய்ய முறை இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, வண்டியின் கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். பெட்டிக்குள் கெப்பாசிட்டரில் ஏர்பேக்கை விரிக்கப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். பிறகு ஏர்பேக்கின் கப்ளரை எடுத்து, அந்த இடத்தில் சுமார் 2 ஓம் கொண்ட சோதனை ரெசிஸ்டரை மாட்டி, பேட்டரியை இணைத்துக் கோடை மறுபடி பார்க்க வேண்டும். கோளாறு மறைந்தால் பழுது ஏர்பேக்கில். மறையவில்லை என்றால் கிளாக் ஸ்பிரிங்குக்கு முன்னால் அதே ரெசிஸ்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை ஏர்பேக்கின் முனைகளில் வைத்து ஓம் பார்க்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கலாம் என்பதால் சர்வீஸ் கையேடுகள் இதைத் தடை செய்கின்றன. இந்த வேலை தெரிந்த மெக்கானிக் கேட்கும் கூலி, தெரியாதவர் மாற்றச் சொல்லும் பாகத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

வெள்ளத்தில் நின்ற கார்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ கார்களுக்குள் சீட் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. கட்டுப்பாட்டுப் பெட்டியும் சீட்டுக்கு அடியில் உள்ள கப்ளர்களும் அந்த மட்டத்தில்தான் இருக்கின்றன. எஞ்சினைக் காயவைத்து ஓட்டிவிடலாம். கப்ளர் பின்களில் பிடித்த களிம்பு மாதக்கணக்கில் கழித்து வேலையைக் காட்டும்.

கடைசியாக, 'லைட் அணைஞ்சிருக்கு, அப்போ எல்லாம் சரி.' எனக்குக் கோபம் வருவது இங்கேதான். விபத்தில் விரிந்த ஏர்பேக்கை மாற்றாமல், சோதனைக்கு உதவும் அதே ரெசிஸ்டரை நிரந்தரமாகச் சொருகி, மேலே மூடியை ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். பெட்டி ஏமாந்து லைட்டை அணைத்துவிடும். சிலர் டேஷ்போர்டில் லைட்டின் இணைப்பையே வெட்டிவிடுகிறார்கள். பழைய கார் பார்க்கப் போனால், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டுக் கவனியுங்கள். ஏர்பேக் லைட் எரியவே இல்லை என்றால் அந்த வண்டியில் யாரோ கை வைத்திருக்க வாய்ப்பு அதிகம். எரிந்து அணைந்தாலும் ரெசிஸ்டர் தந்திரம் நடந்திருக்கலாம். ஆகவே ஸ்டீயரிங் மூடியையும் டேஷ்போர்டு மூடியையும் திறந்து பார்க்கத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள்.

நேர்மையாகப் பராமரித்த வண்டியிலும் லைட்டுக்குத் தெரியாத ஆபத்து உண்டு. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட்டை எரிபொருளாக வைத்துச் செய்த, ஏர்பேக்கை ஊதி விரிக்கும் இன்ஃப்ளேட்டர்கள், பல ஆண்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டு, விரியும்போது உடைந்து உலோகத் துண்டுகளைப் பயணிகள் மீது எறிந்தன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறப்பட வேண்டியிருந்தன. நிறுவனம் 2017இல் திவாலானது. பெட்டி சோதிப்பது மின்சுற்றை மட்டும் என்பதால், அந்த வண்டிகளில் இந்தப் பழுதுக்காக லைட் எரியவில்லை. இந்தியாவிலும் ஹோண்டா உள்ளிட்ட நிறுவனங்கள் இதற்காகக் கார்களைத் திரும்ப அழைத்தன. உங்கள் வண்டியும் அதில் சேர்ந்ததா என்பதை, சேசிஸ் எண்ணைச் சொல்லி அந்தந்த கம்பெனியின் டீலரிடம் கேட்கலாம். சேர்ந்தது என்றால் இன்ஃப்ளேட்டரை இலவசமாக மாற்றித் தருவார்கள்.