ஐம்பதிலும் இடமில்லை, எழுநூறிலும் இடமில்லை

கொழும்பிலே பத்திரிகைப் பக்கம் நிரம்பி வழிந்த இரவுகளில் முதலில் கத்தரிக்கப்பட்டது எங்கள் மட்டக்களப்புச் செய்திதான். தொலைபேசியில் தொண்டை வரளச் சொல்லிக் கொடுத்த இருபது வரி, மறுநாட் காலையில் நான்கு வரியாக வந்து சேரும். கேட்டால், "இடமில்லை" என்பார்கள். பக்கத்தின் நடுவே சவர்க்கார விளம்பரம் அகலக் கால் விரித்துப் படுத்திருக்கும். இடமில்லை என்ற சொல்லின் முழுப் பொருளையும் நான் அந்த நாட்களிலேயே கற்றுக்கொண்டேன். இடம் இருக்கிறது, உனக்கில்லை என்பதே அதன் பொருள்.

அந்தச் சொல்லை இந்த வயதில் ஒரு பென் டிரைவிடமிருந்து மீண்டும் கேட்க நேருமென்று நான் எண்ணியதில்லை.

படுவான்கரையில் ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவர் ஊர் வாசிகசாலையைப் பராமரித்து வருகிறார். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய கணினிகள் ஆறு அங்கே துணி போர்த்திக் கிடக்கின்றன. 512 மெகாபைட் நினைவகம். இரண்டில் வன்தட்டே செத்துவிட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துபோனது. விண்டோஸ் 11 குறைந்தது 4 கிகாபைட் நினைவகம் கேட்கிறது. இந்த ஆறுக்கும் அவை இரண்டுமே எட்டாக்கனி. "இரும்புக் கடைக்குப் போட்டுவிடவா தம்பி?" என்று கேட்டார் நண்பர். வேண்டாமண்ணன் என்றேன்.

வேண்டாம் என்றதற்குக் காரணம், விரலளவு பென் டிரைவில் அடங்கிவிடும் சிறு லினக்ஸ்களை நான் அறிந்திருந்தமையே. முழு இயங்குதளத்தையும் அழுத்திச் சுருக்கிக் குச்சியில் வைத்துவிடுகிறார்கள். கணினி விழித்தெழும்போது அது நினைவகத்துக்குள் ஏறி அங்கிருந்தே ஓடுகிறது. வன்தட்டு செத்தாலும் கவலையில்லை. டைனி கோர் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: வரைகலை முகப்போடு சேர்த்தும் ஏறத்தாழ 23 மெகாபைட்தான். நான்கைந்து பாட்டுக் கோப்புகளின் எடை. அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு முன்னால் நான் தொப்பி கழற்றுகிறேன்.

ஆனால் அதில் ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்தேன். வெற்றுக் கட்டங்கள். எழுத்துரு ஒன்றைத் தேடிப் போட்டேன். கட்டங்கள் போய் எழுத்துகள் வந்தன. வந்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும். 'மட்டக்களப்பு' கடைசி எழுத்தில் மட்டும் நொண்டியது. 'கொக்கட்டிச்சோலை' சிதறியே போனது. கொம்பு ஓரிடம், கால் ஓரிடம். எழுத்துரு இருந்தால் போதாது. உயிர்க்குறிகளை மெய்யின் முன்னும் பின்னும் கோத்து நிறுத்த ஒரு கருவியும் வேண்டும். ஈய எழுத்துக் காலத்தில் அதை அச்சுக்கோப்பவரின் விரல்கள் செய்தன. கணினியில் பாங்கோ போன்ற நிரல்கள் செய்கின்றன. டைனி கோர் தன் முகப்புக்கு எடுத்துக்கொண்ட எஃப்.எல்.டி.கே. என்னும் இலகுவான கருவிப்பெட்டியில் அந்தக் கோப்பு வேலை நடப்பதில்லை. ஆங்கிலத்துக்கு அது தேவையில்லையல்லவா?

இது 23 மெகாபைட்டின் கொடுமை, இடம் பெருகினால் தீரும் என்பீர்கள். கேளுங்கள். ஜான் ஆண்ட்ரூஸ் என்பவர் உருவாக்கிய 'டேம் ஸ்மால் லினக்ஸ்' 50 மெகாபைட்டுக்குள் அடங்குவேன் என்று விரதம் பூண்டிருந்தது. 2008க்குப் பின் நெடுந்துயிலில் கிடந்து, 2024இல் மீண்டும் எழுந்தது. இந்தத் தடவை விரதம் 50 அல்ல, ஒரு குறுந்தட்டின் 700. பதினான்கு மடங்கு! அதில் உலாவிகளே பல அமர்ந்திருக்கின்றன. எல்லைக்குள் அடக்குவதற்காகக் களையப்பட்டவற்றுள் மொழிகளும் அடக்கம். ஆங்கிலமும் போர்த்துக்கேயம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகள் சிலவும் எஞ்சின. 1628இல் எங்கள் வாவிக்கரையில் கோட்டை கட்டி, பத்தே ஆண்டில் ஒல்லாந்தரிடம் அதைப் பறிகொடுத்துப் போனவர்களின் மொழி குச்சியில் ஏறிவிட்டது. (அவர்களுடைய வழித்தோன்றல்களான எங்களூர்ப் பறங்கியர் பேசும் போர்த்துக்கேயக் கிரியோலுக்கும் அங்கே இடமில்லை என்பதையும் நேர்மையோடு சொல்லிவிடுகிறேன்.)

ஒரு தமிழ் எழுத்துருவின் எடை சில நூறு கிலோபைட்டுக்குள். எழுநூறு மெகாபைட்டில் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் வராது. சவர்க்கார விளம்பரம் நினைவுக்கு வருகிறதா?

"வேண்டியவர் இணையத்திலிருந்து இறக்கிச் சேர்த்துக்கொள்ளலாமே" என்பது அவர்கள் தரப்பு வாதம். பொய்யில்லை, வழி திறந்தே இருக்கிறது. ஆனால் அந்த வழியில் நடக்க முதலில் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும், இணைப்பு இருக்க வேண்டும், எதைத் தேடுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இம்மூன்றும் உள்ள பிள்ளைக்கு எங்கள் ஆறு கிழட்டுக் கணினிகள் எதற்கு? 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. அதற்குப் பின்னரும் அரச படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி வந்தவர்களுக்கு இந்த 'வேண்டியவர்' என்ற சொல் நன்றாகவே விளங்கும்.

ஆயினும் ஆண்ட்ரூஸை ஏசி என்ன பயன்? அவர் தம் வீட்டுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டார். ஏச வேண்டியவர்கள் நாம். அவுஸ்திரேலியரான பாரி கோலர் 2003இல் வெளியிட்ட பப்பி லினக்ஸைப் பிரெஞ்சுக்காரர் எடுத்துத் தம் மொழியில் 'தூத்தூ' என்று ஆக்கிக்கொண்டார்கள். நாய்க்குட்டிக்கு அவர்களூர்க் குழந்தைகள் இட்ட பெயராம்! ஜப்பானியரும் தமக்கென ஒன்றைச் செய்துகொண்டார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கும் தமிழர் எத்தனை ஆயிரம்? ஊருக்குப் பழைய கணினியைக் கப்பலேற்றும் கைகளுக்கு, அதனுள்ளே ஊர்மொழியை வைத்து அனுப்பத் தோன்றாததேன்? உள்ளூர்க்காரர் நாமோ கள்ள விண்டோஸ் தட்டும் பாமினி எழுத்துருவும் கிடைத்தால் மோட்சம் கிட்டியதாக இருந்துவிட்டோம். கலைச்சொல் ஆக்கத்துக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு இங்கிருந்து எத்தனை தூரம்?

வேலை அப்படியொன்றும் பெரிதல்ல. பப்பியின் பழைய 32 பிட் பதிப்பொன்றைக் குச்சியிலிட்டேன். அதன் முகப்பு பாங்கோவோடு வருவது. எழுத்துருவை உரிய கோப்புறையில் போட்டதும் கொக்கட்டிச்சோலை கொம்பும் காலும் ஒட்டி எழுந்து நின்றது. செய்த மாற்றங்களைச் சேமிப்புக் கோப்பில் வைத்துக்கொள்வது பப்பியின் வழக்கம், ஆகவே மறுமுறை எழுப்பியபோதும் தமிழ் அங்கேயே இருந்தது. எக்ஸ் சாளர முறைமையின் விசைப்பலகைத் தரவுகளில் இலங்கைத் தமிழுக்கென்றே ஓர் அமைவு உண்டு. ஒரே கட்டளையில் அதுவும் கிடைத்தது. கணினி படிக்காத கிழட்டு நிருபனுக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் பிடித்தன. படித்தவருக்கு ஒரு தேநீர் ஆறும் நேரம்.

இப்போது 8 கிகாபைட் குச்சிகள் ஆறு வாங்கி ஒவ்வொன்றிலும் அதே பப்பியைப் பிரதியெடுத்து வைத்திருக்கிறேன். மண்முனையில் 2014இல் பாலம் வந்தபின் வாவியைக் கடக்கப் பாதைக்குக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை போகிறேன். குச்சியிலுள்ளதன் பிரதி வேண்டுவோர் எழுதுங்கள். என்னிலும் சிறப்பாகச் செய்யத் தெரிந்தவர்கள் கட்டாயம் எழுதுங்கள். ஆறாவது கணினியில் மட்டும் ஒலி வரமாட்டேனென்கிறது.