கே-பாப் பாட்டு ஏன் மதியம் 2.30-க்கே ரிலீஸ் ஆகுது? சியோல் கடிகாரத்தின் பின்னணி என்ன?

கே-பாப் ரசிகர்களுக்கு மதியம் 2.30 மணி நல்லாவே பழக்கமான நேரம். புது ஆல்பமோ, மியூசிக் வீடியோவோ, பெரும்பாலும் அப்போதுதான் வரும். நம் ஊரில் காலேஜில் கிளாஸ், ஆபீஸில் வேலை நடக்கிற நேரம். கொரியாவில் அப்போது மாலை 6 மணி. கோடைக்கால நேரப்படி லண்டனில் காலை 10, நியூயார்க்கில் அதிகாலை 5, லாஸ் ஏஞ்சல்ஸில் நள்ளிரவு தாண்டி 2 மணி.

இந்த 6 மணி எப்படி வந்தது? உலகம் முழுக்க இருக்கும் ரசிகர்கள் இதற்காகக் கண்விழிக்கத்தான் வேண்டுமா? பார்க்கலாம்.

நள்ளிரவு ரிலீஸ் ஏன் நின்றது?

2017 வரை கொரியாவில் பல பாடல்கள் நள்ளிரவு 12 மணிக்குத்தான் வெளியாகின. மெலான் போன்ற இசை ஆப்களில் மணிக்கு ஒருமுறை மாறும் தரவரிசைப் பட்டியல் உண்டு. நள்ளிரவில் சாதாரண ஆட்கள் பாட்டு கேட்பது குறைவு. அந்த நேரத்தில் ரசிகர்கள் ஒன்றாகச் சேர்ந்து கேட்டால், பாட்டு மளமளவென மேலே ஏறிவிடும். காலையில் ஆப்பைத் திறப்பவர் மேலே இருப்பதையே போடுவார். பாட்டும் மேலேயே நிற்கும்.

பட்டியல் உண்மையான ரசனையைக் காட்டவில்லை என்ற புகார் வலுத்தது. அதனால் 2017 பிப்ரவரி 27 முதல் விதி மாறியது. பகல் 12 மணி முதல் மாலை 6 மணிக்குள் வரும் பாடல்கள் மட்டும் உடனே பட்டியலில் சேரும். மற்ற நேரத்தில் வந்தால் மறுநாள் பகல் 1 மணி வரை காத்திருக்க வேண்டும். வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் நேரமான 6 மணியை நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. 2018 ஜூலையில் இன்னொரு படி மேலே போய், இரவு 1 மணி முதல் காலை 7 மணி வரை அந்தப் பட்டியல் மாறாமல் நிறுத்திவைக்கப்பட்டது.

இங்கதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கொரிய ரசிகர்கள் இரவில் விழித்திருக்க வேண்டிய தேவை குறைந்தது. ஆனால் அதே 6 மணியால் லாஸ் ஏஞ்சல்ஸ், மெக்சிகோ சிட்டி ரசிகர்களின் தூக்கம் போனது.

அப்போ காலை 9.30 ரிலீஸ்?

சில பாடல்கள் இந்திய நேரப்படி காலை 9.30-க்கு வருவதைப் பார்த்திருப்பீங்க. அது அமெரிக்கக் கணக்கு. 2015 ஜூலை 10 முதல் வெள்ளிக்கிழமைதான் உலகளாவிய இசை வெளியீட்டு நாள். பில்போர்டின் வாரமும் வெள்ளியில் தொடங்கி வியாழனில் முடியும். திங்கள் மாலை சியோலில் வெளியாகும் பாட்டுக்கு அந்த வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல் போய்விடும்.

அதனால்தான் பிடிஎஸ்-இன் 'டைனமைட்' 2020 ஆகஸ்ட் 21, வெள்ளிக்கிழமை, கொரிய நேரம் பகல் 1 மணிக்கு வந்தது. நியூயார்க்கில் அப்போது சரியாக நள்ளிரவு 12. அதே ஆண்டு நவம்பர் 20-ல் வந்த 'பீ' ஆல்பம் மட்டும் பகல் 2 மணிக்கு. காரணம், குளிர்காலத்தில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறது. கொரியாவும் இந்தியாவும் அப்படிச் செய்வதில்லை. நமக்கு எப்போதும் மூன்றரை மணி நேர வித்தியாசம்தான்.

முதல் 24 மணி நேரம் ஏன் முக்கியம்?

'டைனமைட்' வீடியோ முதல் 24 மணி நேரத்தில் யூடியூபில் 10.11 கோடி பார்வைகளைப் பெற்றது. இந்த 24 மணி நேரச் சாதனைதான் ரசிகர்களை அலாரம் வைத்து எழ வைக்கிறது.

இந்தப் போட்டியில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 2019 ஜூலையில் பாட்ஷாவின் 'பாகல்' 7.5 கோடி பார்வைகளுடன் பிடிஎஸ் சாதனையை முறியடித்ததாகச் சொல்லப்பட்டது. ஆனால் விளம்பரம் மூலம் வந்த பார்வைகளும் அதில் இருந்ததால் சர்ச்சை வெடித்தது. யூடியூப் அதைச் சாதனையாக அறிவிக்கவில்லை. அந்த செப்டம்பரிலேயே, விளம்பரப் பார்வைகளை 24 மணி நேரச் சாதனைக்கு எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று விதியை மாற்றியது.

கிளாஸை கட் அடிக்கணுமா?

தேவையே இல்லை. மதியம் 2.30-க்கு வந்த வீடியோவுக்கு 24 மணி நேரம் முடிவது மறுநாள் மதியம் 2.30-க்கு. முதல் நிமிடத்தில் பார்த்தாலும், இரவு சாப்பிட்டுவிட்டு 9 மணிக்குப் பார்த்தாலும் அது ஒரே ஒரு பார்வைதான்.

தேதியில் மட்டும் கவனம் வேண்டும். கொரிய அட்டவணையில் '22-ம் தேதி 0 மணி' என்று இருந்தால், நமக்கு அது 21-ம் தேதி இரவு 8.30. டீசர்களும் போட்டோக்களும் அதிகம் வருவது இந்த நேரத்தில்தான். மறுநாள் இரவு தேடினால், எல்லாரும் பார்த்து முடித்திருப்பார்கள்.

2017 விதி ரசிகர்களின் தூக்கத்தை நினைத்து வந்ததல்ல, பட்டியலின் நம்பகத்தன்மைக்காக வந்தது. இருந்தாலும் கொரிய ரசிகர்களுக்கு அதில் ஒரு நிம்மதி கிடைத்தது. வெளிநாட்டு ரசிகர்களின் இரவைக் காக்க அப்படி எந்த விதியும் இல்லை. எத்தனை மணிக்குத் தூங்குவது என்பதை அவங்களேதான் முடிவு பண்ணணும்.