மூச்சடக்கலும் மூச்சுவிடலும்

கடல் சூழ்ந்த நாட்டிற் பிறந்தோம். கடல்மீனை உண்டு வளர்ந்தோம். ஆயினும் கடலினுள்ளே யாதுளது என்பதை நம்முட் பெரும்பாலார் அறியோம். விழா மலர்களிலே கல்லூரியின் பழம்பெருமை பேசுதல் மரபு. நாமோ கல்லூரி இன்னும் கற்பியாத ஒரு பாடத்தைப் பற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

வண்ணாத்திவில்லுக் கரையிலே நின்று மேற்கே நோக்கின், ஆழங்குறைந்த களப்பும், அதன் அடியிலே கடற்புல் வெளிகளும் உள. குளிர்ந்த கடல்களில் நூறடிக்கு மேலும் ஓங்கி வளரும் பெரும்பாசிக் காடுகள் எமது வெப்பக் கடலில் இல்லை. எமது காடு ஓராள் உயரமும் எட்டாதது. ஆயினும் இறாலும் மீன்குஞ்சும் வளர்வதும், அருகிவரும் கடற்பசு மேய்வதும் இத்தகைய புல்வெளிகளிலேதான். கற்பிட்டிக்கு அப்பால் 1992இற் சரணாலயமாக்கப்பட்ட பவளப்பார் உளது. 1998இற் கடல்நீர் வெப்பமுற்றபோது, அதன் ஆழங்குறைந்த பகுதியிற் பெரும்பாலான பவளங்கள் வெளிறி மடிந்தன. நம் வாசலிலே நிகழ்ந்த இவ்விழப்பைக் கண்ணாற் கண்டவர் எத்துணைப் பேர்?

சுவாசக் கருவியணிந்து முதன்முறை அக்களப்பில் இறங்கியபோது, அஞ்சிக் காலை உதைத்தோம், சேறு கலங்கிற்று, எதிரே நின்ற புல்லும் மறைந்தது. மூச்சைப் பிடிக்கலாகாது என்று பயிற்றுநர் கரையிலே பன்முறை சொல்லியிருந்தும், நாம் பிடித்தவாறே இருந்தோம்.

மன்னார்க் கடலில் முத்துக்குளித்த முன்னோர், கல்லின் பாரத்தால் ஒரே மூச்சில் அடிக்கு இறங்கினர். மூச்சடக்கலே அவர்தம் வித்தை. சிலிண்டருக்கோ விதி நேர்மாறானது. 33 அடி ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பினும் இருமடங்கு. அங்கே நிரப்பிய மூச்சை அடக்கி மேலெழுந்தால், நெஞ்சினுட் காற்று இருமடங்காகப் பெருகி நுரையீரலைக் கிழிக்கும். நெடுநேரம் ஆழத்தில் தங்கி விரைந்தெழுவோர்க்கு, உடலிற் கரைந்த நைதரசன் குமிழியாகி மூட்டையும் முள்ளந்தண்டையும் தாக்கும்.

சங்கும் கடலட்டையும் எடுக்கச் சிலிண்டருடன் இறங்கும் இளைஞருள், இவற்றை முறையாகக் கல்லாதாரும் உளர். அவ்வாறு இறங்கிக் கால் வழங்காது போன ஒருவரை அக்கரையிலே கண்டோம். வயது முப்பதும் நிரம்பவில்லை. "பொயிலின் விதியைப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் எடுத்தேன், ஐயா. அது என்னுடைய நெஞ்சைப் பற்றிய விதி என்று ஒருவரும் சொல்லவில்லையே" என்றார். அச்சொல் நம்மை விட்டு அகலவில்லை.

நீர்மூழ்கல் உல்லாசப் பிரயாணிகளின் பொழுதுபோக்கு என்பாரும், மாணவர்க்கு ஆபத்து என்பாரும் உளர். பொழுதுபோக்கென்று நாம் ஒதுக்கியதை நம் பிள்ளைகள் பிழைப்பாகக் கொண்டுள்ளனர். ஆபத்தோ கடலினும் அறியாமையிலேயே மிகுதி.

ஆதலின் பழைய மாணவர்க்கு நம் வேண்டுகோள் இது: விழா நினைவாக மற்றுமொரு கட்டடம் எழுப்புமுன், மாணவர் யாவர்க்கும் நீச்சல் கற்பிக்கவும், விரும்புவோரைத் தகுதிபெற்ற பயிற்றுநரிடம் அனுப்பவும் ஒரு நிதி அமைப்போமாக. பௌதிக ஆசிரியர்களும் பொயிலின் விதியைக் கரும்பலகையோடு நிறுத்தாது, ஒருமுறையேனும் கடற்கரையிலே கற்பிப்பாராக.